60 நாளில் 10 கிலோ: நான் 48,000 ரூபாய் கட்டிய கதை

எடை குறைப்பு நிலையத்தில் பணம் கட்டலாமா என்று யோசிக்கிறவர்கள், அதிலும் என்னைப் போல ஏற்கெனவே மூன்று நான்கு முறை இளைத்து மறுபடி ஊதியவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

எனக்கு வயது 47, ஊர் திருச்சி. பத்தாம் வகுப்பிலேயே எனக்குப் பூசணி என்று பெயர். கல்யாணத்துக்கு முன் கஞ்சியும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்து 11 கிலோ குறைத்தேன். முதல் பிரசவத்தோடு வட்டியும் சேர்ந்து திரும்பியது. கொள்ளு ரசம், வெந்நீரில் தேன், நடை, எதையும் விட்டுவைக்கவில்லை. அரிசி, கோதுமையை ஒதுக்கும் பேலியோ டயட்டில் 14 கிலோ போனது. இரண்டு வருடத்தில் 16 கிலோ வந்தது.

60 நாளில் 10 கிலோ குறையும், உத்தரவாதம் என்ற எடை குறைப்பு நிலையம் ஒன்றுக்குப் போனேன். அங்கே இந்தக் கதை முழுவதையும் கேட்டார்கள். ஆலோசகர் என்று உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கையைப் பிடித்துக்கொண்டு, "இது உங்க தப்பே இல்லக்கா" என்றாள். முப்பது வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒரு வரிக்குத்தான் பணம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

கையில் பணம் இல்லை என்றதற்கு, ஆதாரும் பான் கார்டும் போதும், மாதம் 4,000 தவணை என்றார்கள். போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னேன். கடைக்குக் கட்டும் தவணை என்று நினைத்தேன். அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன். மொத்தப் பணமும் முதல் வாரமே கடைக்குப் போய்விட்டது. நான் பாதியில் நின்றாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. 5ஆம் தேதியானால் என் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

எடை பார்த்த விதத்தைக் கவனியுங்கள். முதல் நாள் இரவு ஏழு மணி. மதியச் சாப்பாடு வயிற்றில், உடம்பில் கனமான சுடிதார், கழுத்தில் சங்கிலி. காத்திருந்தபோது இரண்டு டம்ளர் தண்ணீர் வேறு கொடுத்து உபசரித்தார்கள். 84.6 கிலோ. அதற்கப்புறம் எப்போதும் காலை ஆறரை மணிதான், வெறும் வயிறு, மெல்லிய உடை. முதல் வாரமே 81.5! கைதட்டிப் போட்டோ எடுத்தார்கள். அரிசி, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் நிறுத்தினால் உடம்பு சேர்த்துவைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து கரையும். அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரையாவது பிடித்து வைத்திருக்கும். போனதில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான்.

இன்ச் டேப்பில் இன்னொரு வித்தை. முதல் நாள் தொப்புள் மேலேயே, விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகப் பிடித்தார்கள். பிறகு இரண்டு விரற்கடை மேலே ஏறி, "மூச்சை உள்ள இழுங்கக்கா" என்று சதையில் பதிய இறுக்கினார்கள். சூடான பெல்ட்டைக் கட்டி 40 நிமிடம் படுக்கவைத்தால் 400 கிராம் குறையும். வீட்டுக்கு வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தால் அது திரும்ப வந்துவிடும்.

மூன்றாம் வாரம் முள் நின்றுவிட்டது. உடனே 'மூலிகை' காப்ஸ்யூல் கொடுத்தார்கள். பெயரோ உற்பத்தித் தேதியோ இல்லாத சின்ன பிளாஸ்டிக் கவர். பசி செத்துப்போனது. வாய் வறண்டது, தூக்கம் போனது, படுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்தது. எங்கள் டாக்டரம்மா பார்த்தபோது பிபி 160/100. அவர் கவரைப் புரட்டிப் பார்த்துவிட்டு சிபுட்ரமைன் என்ற மருந்தைப் பற்றிச் சொன்னார். பசியை அடக்கும் மருந்து. இதய நோய் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதாக ஆய்வில் தெரிந்ததால் 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கினார்கள், 2011இல் இந்தியாவிலும் தடை. ஆனாலும் பல நாடுகளில் 'மூலிகை' என்று விற்கும் மெலிவு மாத்திரைகளைச் சோதித்தால் அதுதான் சிக்குகிறதாம். அன்றோடு நிறுத்தினேன். பிபி இறங்கியது. பசி இரண்டு மடங்காக வந்தது, நான்கு மாதத்தில் எடை மறுபடி 83 கிலோவுக்கு ஏறியது.

உத்தரவாதம் என்னாச்சு என்று கேட்கப் போனால், அதே பெண். "டயட்டை நீங்க சரியா ஃபாலோ பண்ணலக்கா." அந்த 'அக்கா' மட்டும் அப்படியே இருந்தது. கேவலம் என்னவென்றால், நான் அதை நம்பி வீடு திரும்பினேன். நடுவில் ஒரு கல்யாண வீட்டில் தின்ற இரண்டு ஜாங்கிரி ஞாபகத்துக்கு வந்தது. வெட்கத்தில் வீட்டுக்காரரிடம்கூட இரண்டு மாதம் சொல்லவில்லை. இவர்களின் முதலீடே இந்த வெட்கம்தான். குண்டாக இருப்பவள் புகார் கொடுக்கமாட்டாள். பக்கத்துத் தெரு அக்கா ஒருவரும் அங்கே ஏமாந்தது தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரிடமும் அதே கையைப் பிடித்தல், அதே "உங்க தப்பே இல்லக்கா".

உண்மையிலேயே முழுக்க நம் தப்பு இல்லைதான் என்பது வேறு கதை. அமெரிக்க டிவி போட்டி ஒன்றில் ஏகமாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு எடையில் பெரும்பங்கு திரும்பியிருந்தது. உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் அளவு மட்டும், இருக்கவேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்தே நின்றது. இதையும் டாக்டரம்மாதான் சொன்னார், 300 ரூபாய் ஃபீஸில்.

ரசீதில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். 1915 என்ற நுகர்வோர் எண்ணில் பேசினேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். உடல் பருமனுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் வருடச் சட்டப்படி தடை, அவர்களுடைய விளம்பர நோட்டீஸைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தது உதவியது. வக்கீல் நோட்டீஸ் போனதும் 12,000 தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று வழக்குப் போட்டிருக்கிறேன்.

போன வாரம் அங்கிருந்து வேறொரு பெண் போன் செய்தாள். பழைய வாடிக்கையாளருக்கு 30 சதவீதம் தள்ளுபடியாம். வழக்கு எண்ணைச் சொன்னேன். பொறுமையாகக் குறித்துக்கொண்டு, "இது கூப்பன் நம்பராக்கா?" என்றாள்.