பழைய ஃபோர் வீல் மினி டிராக்டர் வாங்குகிறீர்களா? முன்சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் முதலமடை, கொல்லங்கோடு, கோவிந்தாபுரம் பக்கம் சரிவில் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் புல் வெட்டப் பழைய மினி டிராக்டர் தேடினால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டாரத்தில் பழைய வண்டி விற்கும் ஒருவரிடம் வாங்கி மாட்டிக்கொண்டோம். கேஸ் போட்டிருப்பதால் பெயர் சொல்லவில்லை.

எங்கள் தோப்பு நெல்லியாம்பதி மலையடிவாரத்தில். மழை முடிந்தால் புல் இடுப்பளவு நிற்கும், தை மாசியில் காய்ந்து சருகாகிவிடும், காய் பறிக்கிற அந்த நேரத்தில் எவனாவது அணைக்காமல் போட்ட ஒரு பீடி போதும். பிரஷ் கட்டர் ஓட்ட ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. அதனால் 24 ஹெச்பி, ஃபோர் வீல் (முன்சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகும் வகை), பின்னால் புல் வெட்டும் ஸ்லேஷர் எல்லாம் மாட்டி, "மலைக்காட்டுக்குன்னே செட் பண்ணின வண்டிங்க, கண்ணை மூடிட்டு இறக்கலாம்" என்று அவர் சொன்னதற்கு மூன்றரை லட்சம் கொடுத்தோம். ஓட்டிக் காட்டியது அவருடைய யார்டில், சமதளத்தில். சரிவில் ஓட்டிக் காட்டச் சொன்னால் டீசல், டிரைவர் என்று ஏதேதோ சொல்லித் தட்டிக்கழித்தார்.

தோப்பில் இறக்கத்தில் மச்சான் பிரேக்கை மிதித்ததும் பின்சக்கரம் இரண்டும் புல்லில் வழுக்கி, வண்டி பாட்டுக்குக் கீழே இறங்கி ஒரு மாமரத்தில் முட்டி நின்றது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெக்கானிக் முன் ஆக்ஸிலைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பல்சக்கரமே இல்லை! உடைந்ததை மாற்றாமல் எடுத்துப்போட்டுவிட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஃபோர் வீல் போடும் லிவர் அழகாக விழும், முன்சக்கரத்துக்கு இழுவை எதுவும் போகாது.

இது இழுவைப் பிரச்சினை மட்டும் இல்லை. இந்த மாதிரி வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்துக்குத்தான். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரத்துக்குப் பிடி குறையும். ஃபோர் வீல் விழுந்திருந்தால்தான் எஞ்சின் பிடிப்பும் பிரேக்கும் முன்சக்கரத்துக்கும் சேரும்.

கண்டுபிடிப்பது எளிது. எஞ்சினை அணைத்து, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஃபோர் வீல் லிவரைப் போட்டு, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடி நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் உள்ளே ஏதோ இல்லை என்று அர்த்தம்.

மீதி "செட்டிங்" பற்றியும் சொல்கிறேன். பின்சக்கரங்கள் வரிசைப் பயிருக்கு நடுவில் ஓட்டுகிற குறுகிய அளவிலேயே இருந்தன, சரிவுக்கு என்றால் ரிம்மைத் திருப்பிப்போட்டு அகலப்படுத்தியிருக்க வேண்டும். டயரில் வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் அடைத்தால் எடை கீழே தங்கும், அதுவும் கிடையாது. ஸ்லேஷரைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் முன்பக்கம் எழும்பாமல் இருக்க மாட்டுகிற வெயிட் கட்டைகளையும் காணோம், தனியாக விற்றிருப்பார் போல. எஞ்சினிலிருந்து ஸ்லேஷரைச் சுற்றவைக்கும் தண்டான பிடிஓ ஷாஃப்டுக்கு மேல்மூடி இல்லை, லுங்கியோ துண்டோ சிக்கினால் ஆளையே சுருட்டிவிடும். பிளேடின் சுழற்சி திரும்ப வண்டிக்கு வராமல் தடுக்கும் ஓவர் ரன்னிங் கிளட்சும் இல்லை. கியரும் பிடிஓவும் ஒரே கிளட்சில் ஓடும் வண்டி இது, கிளட்சை மிதித்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடின் வேகம் பிடிஓ வழியாக வண்டியை முன்னால் தள்ளும். எங்கள் மெக்கானிக் அதைத்தான் முதலில் மாட்டினார். சரிவில் இறங்குமுன், இடது வலது பின்சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துக் கொக்கி போடச் சொல்லித் திட்டிவிட்டும் போனார், அந்தக் கொக்கியும் உடைந்துதான் இருந்தது.

விற்றவரிடம் கேட்டதற்கு, "பழைய வண்டிங்க, அப்படித்தான் இருக்கும். கேஸ்னா கோயம்புத்தூருக்குத்தான் வரோணும்" என்றார். அது பொய். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் கோர்ட்டிலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பில், ஃபோர் வீல் என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப், கழற்றிய ஆக்ஸில் போட்டோ, மெக்கானிக் எழுதிக் கொடுத்தது எல்லாம் வைத்துப் பாலக்காட்டில் கொடுத்துவிட்டோம். நோட்டீஸ் போனதும் வேறு வண்டி மாற்றித் தருவதாக ஆள் விட்டுக் கேட்கிறார். வண்டி வேண்டாம், பணமாகக் கொடுங்கள் என்று சொல்லியாகிவிட்டது.