கேம் புரோகிராமிங் டிப்ளோமா என்று யாழ்ப்பாணத்தில் காசு கேட்டால், கட்டமுதல் இதை வாசியுங்கள்

ஒரு லட்சத்து 85 ஆயிரம் ரூபா. அம்மாவின் காப்பை அடைவு வைத்து எடுத்த காசு. தம்பியின் கேம் வகுப்புக்குக் கட்டிய அந்தக் காசை நேற்றுப் பின்னேரம் திரும்பவும் போய்க் கேட்டேன். "அக்கா, அது திருப்பித் தர ஏலாது, பற்றுச்சீட்டுக்குப் பின்னால போட்டிருக்கு" என்று போனைப் பார்த்தபடியே சொன்னார்கள். அந்தச் சூடு ஆறமுதல் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

இடத்தின் பெயரை எழுதவில்லை. நகருக்குள் ஒரு மாடியில், கண்ணாடிக் கதவும் ஏசியுமாக நடக்கும் தனியார் கணினி வகுப்பு. ஏ.எல். பெறுபேறு வருகிற காலத்தில் மதில் முழுக்க இவர்களின் போஸ்டர்தான்.

தம்பி கணிதப் பிரிவு. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி கொஞ்சத்தால் தவறிவிட்டது. கேம் செய்கிற வேலைக்குத்தான் போவேன் என்று ஓ.எல். காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன். அவனையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய திரையில் ஒரு கார் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. வளைவில் சறுக்கித் திரும்புகிற சின்னக் கார், நல்ல வடிவு. "இது எங்கட போன பட்ச் பிள்ளைகள் செய்தது" என்றார் அங்கிருந்த சேர். தம்பியின் கண் அந்தத் திரையை விட்டு எடுபடவில்லை.

அம்மாவுக்குக் கேம் விளங்காது. அவ பார்த்தது சுவரில் அரச இலச்சினையோடு பிரேம் போட்டுத் தொங்கிய பத்திரத்தை. அதைக் கவனித்த சேர் கதிரையை இழுத்துப் போட்டு, பால் தேத்தண்ணி வரவழைத்து, "அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. மகன் இனி எங்கட பொறுப்பு. ரெண்டு வருசத்தில லண்டன் பல்கலைக்கழகத்தில நேராக் கடைசி வருசம் சேரலாம்" என்றார். முழுக் கட்டணம் 2 லட்சம், அந்தக் கிழமைக்குள் கட்டினால் 15 ஆயிரம் கழிவு. மற்ற நாளே அம்மா காப்பைக் கழற்றிவிட்டா. அந்த மனுசன் எழும்பி நின்று இரண்டு கையாலும் காசை வாங்கினார். அந்த மரியாதையை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

முதல் தவணை முழுக்க போட்டோஷொப்பும் பவர்பொயின்டும். கையில் தந்த பாடத்திட்டத்தில் பிளாஷ் என்று, முந்தி இணையத்தில் கேமும் அனிமேஷனும் ஓட்டின மென்பொருள் ஒரு பாடம். அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31ஓடு கைவிட்ட சாமான் அது! பிறகு ஒருவழியாக யூனிட்டி என்கிற, கேம் செய்யும் மென்பொருளைத் தொடங்கினார்கள். படிப்பிக்க வந்த பெடியன் போன வருசம் அங்கேயே படித்து முடித்தவராம். ஒரு பெட்டியை இடமிருந்து வலம் நகர்த்துகிற பயிற்சி. வகுப்புக் கணினியில் பெட்டி ஊர்ந்தது, வீட்டு லப்டொப்பில் பறந்தது. ஏன் என்று தம்பி கேட்டதற்கு "லப்டொப் புதுசு தானே" என்று பதில். அவன் இரவிரவாகத் தேடித் தானே கண்டுபிடித்தான். புரோகிராமில் அப்டேட் என்கிற பகுதி ஒரு பிரேமுக்கு, அதாவது திரையில் வரைகிற ஒரு படத்துக்கு, ஒருதரம் ஓடும். வேகமான கணினியில் செக்கனுக்குக் கூடப் பிரேம், அதனால் பெட்டியும் கூட ஓடும். நகர்கிற அளவை, முந்தின பிரேமிலிருந்து கழிந்த நேரமான டெல்டாடைமால் பெருக்கிவிட்டால் இரண்டிலும் ஒரே வேகம். ஒரு வரித் திருத்தம். இது தெரியாதவருக்கா ஒரு லட்சத்து 85 ஆயிரம்?

ஏ.எல். இணைந்த கணிதத்தில் படித்த காவியும் (வெக்டர்) எறியமும் (எறிந்த பொருளின் இயக்கம்)தான் கேமில் குண்டு பாய்வதற்கும் எதிரி திரும்புவதற்கும் அடிப்படை. தம்பி அதைப் பற்றிக் கேட்டால் "அது சிலபஸில் இல்லை." வகுப்புக்கு ஏ.எல். கணக்குப் பிள்ளைகளைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள், கணக்கு மட்டும் வேண்டாமாம்.

எல்லாம் உடைந்தது வீட்டில்தான். தம்பி யூனிட்டி ஹப்பில் பழகுபவர்களுக்கென்று இலவசமாகக் கிடைக்கும் மாதிரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். கார்ட்டிங் என்று ஒன்று. அதே சின்னக் கார், அதே வளைவு. முதல் திரையில் இவர்களின் லோகோ மட்டும் இல்லை. யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டக்கூடியதை "எங்கட பிள்ளைகள் செய்தது" என்று அம்மாவுக்குக் காட்டியிருக்கிறார்கள். சுவரில் இருந்த பத்திரத்தையும் பிறகு போய் வாசித்தேன். கடை போடுகிற எவரும் எடுக்கிற வியாபாரப் பெயர்ப் பதிவு. லண்டன் பல்கலைக்கழகம் என்று சொன்ன இடத்துக்கு மின்னஞ்சல் போட்டோம், இப்படி ஒரு நிலையத்தைத் தெரியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

காசைக் கேட்கத் தொடங்கியதும் சேரைக் காணவே கிடைக்கவில்லை. கொழும்பில் மீற்றிங். கணக்காளர் லீவு. வட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. "அடுத்த பட்ச்சில சும்மா இருந்து படிக்கச் சொல்லுங்கோ" என்று ஒருநாள் ஒரு தாராளம். தேத்தண்ணி கொடுத்த அதே பிள்ளை இப்போது "அப்பொயின்ட்மென்ட் இருக்கா அக்கா?" என்று கேட்கிறா. அவவில் கோபமில்லை, சம்பளத்துக்கு நிற்கிற பிள்ளை.

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தருவோம் என்று சொன்னால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள். நிலையம் பதிந்திருப்பது வேறு, அந்தப் பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு, இரண்டையும் கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேளுங்கள். மாணவர் செய்த கேம் என்று காட்டினால் அதன் புரோகிராம் வரிகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அன்ரியல், கொடோ என்பவையும் யூனிட்டி மாதிரிக் கேம் செய்கிற மென்பொருள்கள்தான். யூனிட்டியும் அன்ரியலும் பழகுவதற்குக் காசில்லை, கொடோ முழுக்கவே இலவசம். புரோகிராம் எழுதுகிற மொழி யூனிட்டிக்கு சி ஷார்ப், அன்ரியலுக்கு சி பிளஸ் பிளஸ். கேம் என்று பெயர் போட்ட டிப்ளோமாதான் வேண்டும் என்றில்லை, கணினி விஞ்ஞானம் ஒழுங்காகப் படித்தவர்களும் இந்த வேலைக்குப் போகிறார்கள். யாழ் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் உயர் தொழில்நுட்ப நிறுவனத்தின் எச்.என்.டி. ஐ.டி. என்கிற தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா இருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.டி. என்கிற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. முழுக் காசையும் ஒரேயடியாகக் கட்டாதேங்கோ, பற்றுச்சீட்டின் பின்பக்கத்தை வாசியுங்கோ.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற போன் இலக்கம் இருக்கிறது, திங்கட்கிழமை எழுத்திலும் முறைப்பாடு கொடுக்கிறேன். இதேமாதிரி ஒரு மாடியில் இதேமாதிரி ஒரு கார் ரேஸைக் காட்டி உங்களிடமும் காசு வாங்கியிருந்தால் பற்றுச்சீட்டைப் படமெடுத்து இன்பொக்ஸில் போடுங்கள். ஒரு லட்சத்து 85 ஆயிரத்துக்கு நான் தனிய நிற்பதைவிட நாலு பேராகப் போனால் சேர் மீற்றிங்கிலிருந்து வெளியே வருவார்.