கண்டாங்கிச் சேலைக்குத் தரகா, விளம்பரமா, சந்தைத் தளமா?

காரைக்குடிப் பக்கம் ஆன்லைனில் எதையாவது விற்கிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது: அஃபிலியேட் ஆள் வைக்கலாமா, ஃபேஸ்புக் விளம்பரத்துக்கே காசைப் போடலாமா, இல்லை பேசாமல் அமேசான், ஃபிளிப்கார்ட்டில் ஏற்றிவிடலாமா? நாங்கள் மூன்று வருடமாகக் கண்டாங்கிச் சேலை விற்கிறோம், மூன்றிலும் காசு போட்டுப் பார்த்துவிட்டோம். எங்களுக்குப் பிடித்தது அஃபிலியேட்தான். ஆனால் எல்லாச் சரக்குக்கும் அது ஒத்துவராது.

முதலில் அது என்னவென்று பார்ப்போம். உங்கள் சேலையைப் பற்றி ஒருவர் யூடியூபிலோ இன்ஸ்டாவிலோ பேசுகிறார், கீழே ஒரு லிங்க் கொடுக்கிறார். அந்த லிங்க்கில் அவருடைய அடையாள எண் ஒட்டியிருக்கும். அதைத் தட்டி உள்ளே வருகிறவரின் பிரவுசரில் குக்கீ என்ற சின்னக் குறிப்பு பதிவாகும். குறித்த நாளுக்குள் அவர் வாங்கினால், அனுப்பிவைத்தவருக்குக் கமிஷன். வாங்காவிட்டால் யாருக்கும் ஒரு பைசா கிடையாது. நான் இதை விளக்கி முடிப்பதற்குள் எங்கள் அப்பத்தா, "வித்தாத்தான் கூலியா? அப்ப அது தரகுதானப்பா" என்று சொல்லிவிட்டார். அதேதான். அமேசான் 1996லேயே இந்தத் தரகை ஆரம்பித்துவிட்டது. அங்கே பொதுவாக 24 மணி நேரக் கணக்கு, அதற்குள் கூடையில் போட்டாக வேண்டும். நம் சொந்தத் தளம் என்றால் நாள் கணக்கை நாமே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் 30 நாள் வைத்திருக்கிறோம், ஏனென்றால் சேலை வாங்குகிறவர் இன்று பார்த்து, அக்காவிடம் கேட்டு, சம்பளம் வந்த பிறகுதான் வாங்குவார்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சேலை 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நெசவாளருக்கு 1,550, கூரியரும் கவரும் 110, பணம் வாங்கித் தரும் கேட்வேக்குச் சுமார் 55. ஜிஎஸ்டியை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டால் கையில் 685. இந்த 685க்குள்தான் ஆள் பிடிக்கும் செலவு முழுவதும் அடங்க வேண்டும்.

விளம்பரத்தில் ஒரு கிளிக் 6 ரூபாய், 60 பேர் வந்தால் ஒருவர் வாங்குகிறார் என்றால் ஒரு சேலைக்கு 360 போய்விடும், மிச்சம் 325. அஃபிலியேட்டில் வாங்குகிறவருக்கு 5 சதவீதத் தள்ளுபடியும், மீதித் தொகையில் 10 சதவீதம் கமிஷனும் கொடுத்தால் மிச்சம் 337. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் விளம்பரக் காசு சேலை விற்பதற்கு முன்னாலேயே போய்விடுகிறது, கமிஷன் விற்ற பிறகுதான் போகிறது. 60க்கு ஒருவர் என்பது 100க்கு ஒருவர் ஆகிவிட்டால் விளம்பரத்தில் மிச்சம் 85தான். ஆடி மாதம் முழுக்க எங்களுக்கு அப்படித்தான் ஓடியது. அஃபிலியேட்டில் அந்த மாதம் விற்பனை குறைந்தது, கைக்காசு போகவில்லை.

அமேசான், ஃபிளிப்கார்ட் மாதிரிச் சந்தைத் தளத்தில் எல்லாக் கட்டணமும் சேர்ந்து 20 சதவீதம் என்று வைத்தால் 480 போகும், கேட்வே செலவு தனியாக இல்லை என்பதால் மிச்சம் 260. இதோடு ஜிஎஸ்டிக்காக 0.5 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். அது கணக்கில் திரும்பி வந்துவிடும் என்றாலும் கொஞ்ச நாள் முடங்கிக் கிடக்கும். எனக்கு அதைவிடப் பெரிய குறை, வாங்கியவரின் போன் நம்பர் நம்மிடம் வராது. கண்டாங்கி ஒரு தடவை கட்டிப் பழகியவர் அடுத்த நிறம் கேட்டு வருகிறவர். அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லாமல் போவது பெரிய நஷ்டம்.

கண்டாங்கியைப் படத்தில் பார்த்து முடிவு செய்வது கஷ்டம். பெரிய கட்டம், அகலக் கரை, மஞ்சளும் அரக்கும் என்று கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். ஆனால் புதுச் சேலை கொஞ்சம் விறைப்பாக இருக்கும், நாலு துவைப்புக்கு அப்புறம்தான் உடம்போடு ஒட்டும். 2019ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயர் பரவியது, கூடவே விசைத்தறியில் ஓட்டிய நகலும் பரவியது. விளம்பரம் போட்டு வருகிறவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: சாயம் போகுமா, கைத்தறிதானா? தேவகோட்டையில் எங்களுக்கு அஃபிலியேட்டாக இருக்கும் டீச்சர் அக்கா ஒருவர் இதற்கு ஒரு வீடியோ போட்டார். வெள்ளை வாளியில் தண்ணீர், அதில் அரக்குக் கரை போட்ட மஞ்சள் சேலை, பத்து நிமிடம் ஊறவிட்டு எடுத்து வாளியைச் சாய்த்துக் காட்டினார். தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. "முதல் தடவை இவ்வளவு போகும், தனியா அலசுங்க, அடுத்த தடவை போகாது" என்று மறைக்காமல் சொன்னார். அந்த வீடியோ வழியாக வந்த சேலைகளில் சாயம் என்று சொல்லி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. விளம்பரப் படத்தில் இந்த வேலையைச் செய்ய முடியாது.

மொத்தமாகக் காசு கொடுத்து ரீல்ஸ் போடச் சொல்வதும் ஒரு வழி. பெயர் சொல்ல வேண்டாம், ஒருவருக்கு 8,000 கொடுத்தோம். பார்வை ஆயிரக்கணக்கில் வந்தது, ஆர்டர் மூன்று. அதோடு விட்டுவிட்டோம்.

அஃபிலியேட்டிலும் அடி வாங்கியிருக்கிறோம். லிங்க்கை மட்டும் நம்பினால் பாதி விற்பனை கணக்கில் ஏறாது. இன்ஸ்டாவுக்குள் லிங்க்கைத் தட்டிப் பார்த்தவர் இரண்டு நாள் கழித்து குரோமில் கடை பெயரைத் தேடி வந்து வாங்குவார், அங்கே அந்தக் குக்கீ இருக்காது. ஐபோனில் சஃபாரி பல வகைக் குக்கீயை ஏழு நாளில் அழித்துவிடும். அனுப்பிவைத்தவர் உழைத்தும் கூலி கிடைக்காமல் போகும், அது நியாயமில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் தனிக் கூப்பன் கோடு கொடுத்தோம். வாங்குகிறவர் எந்த போனிலிருந்து வந்தாலும் கோடைப் போட்டால் கணக்கு சரியாக நிற்கும். ஆனால் ஒரு கோடு எப்படியோ கூப்பன் தளங்களுக்குப் போய்விட்டது. தாங்களாகவே வாங்க வந்தவர்கள்கூடப் பணம் கட்டும் நேரத்தில் கோடு தேடி எடுத்துப் போட, ஒரு மாதம் முழுக்கத் தள்ளுபடியும் கொடுத்து கமிஷனும் கொடுத்தோம். இப்போது கோடு முதல் முறை வாங்குகிறவருக்கு மட்டும்தான், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். இதைவிடப் பெரிய திருட்டும் உண்டு. வாங்குகிறவர் லிங்க்கையே தட்டாதபோதும், கமிஷனுக்காகச் சிலர் அவர் பிரவுசரில் குக்கீயைத் திணித்துவிடுவார்கள். அமெரிக்காவில் ஈபேயிடம் அப்படிக் கமிஷன் வாங்கிய ஒருவருக்கு 2014ல் சிறைத் தண்டனையே கிடைத்தது. முகம் தெரியாத நூறு பேரைச் சேர்ப்பதைவிட, போனில் பேசக்கூடிய எட்டுப் பேர் போதும் என்பது என் முடிவு.

கமிஷனை ரிட்டர்ன் நாள் முடிந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். நாங்கள் மாதம் 10ஆம் தேதி, எந்த ஆர்டருக்கு எவ்வளவு என்ற தாளோடு அனுப்புகிறோம். கடை கம்பெனியாகவோ பார்ட்னர்ஷிப்பாகவோ இருந்து ஒருவருக்கு வருடத்தில் 20,000க்கு மேல் கமிஷன் போனால் 2 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே கழிக்கும் தொகை, பிடிக்க வேண்டும், அதனால் பான் நம்பரை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பேசுகிறவர் தனக்குக் கமிஷன் உண்டு என்பதை வீடியோவிலேயே சொல்லியாக வேண்டும். மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டலும் அதைத்தான் சொல்கிறது. டீச்சர் அக்கா முதல் வரியிலேயே சொல்லிவிடுவார், அதனால் யாரும் வாங்காமல் போனதில்லை.

சேலை தவிர மற்ற சரக்குக்குக் கணக்கு மாறும். பலகாரம் விற்கிறவர்களுக்கு, அதாவது தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை போடுகிறவர்களுக்கு, ஒரு ஆர்டர் 400, 500தான் வரும். அதில் 10 சதவீதம் என்றால் 40, 50 ரூபாய், அதற்காக யாரும் மெனக்கெட்டு வீடியோ போடமாட்டார்கள். அவர்கள் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் விளம்பரம் போட்டு, வந்த நம்பர்களை வாட்ஸப்பில் வைத்துக்கொள்வது மேல். அப்புறம், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். அதை யாரும் லிங்க்கைத் தட்டி வாங்குவதில்லை. கண்ணாடி மேல் சிமென்ட் வார்த்துச் செய்வதை நேரில் வந்து பார்த்து, சதுர அடி கணக்குப் போட்டு, வீடு பூச்சு முடியும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து ஆர்டர் கொடுப்பார்கள். எந்தக் குக்கீயும் அவ்வளவு நாள் தாங்காது. அங்கே இன்ஜினியரோ கட்டட வடிவமைப்பாளரோ ஆளை அனுப்பினால், வந்த ஆளின் பெயரை நோட்டில் எழுதி வைத்து, லோடு ஏறிய அன்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பழைய தரகுதான் சரி.