ஈயக்குண்டா, இரும்பு நட்டா? ஸ்பிரிங்கா, பைப்பா? வீட்டிலேயே செய்யும் தூண்டில் சாமான்கள்

பவானிக் கூடுதுறைக்குக் கீழே காவிரியில் பாறை அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூண்டிலோடு உட்கார்ந்தால் தூண்டிலைத் தண்ணீருக்குள் இறக்கக் கட்டும் குண்டு மூன்று நான்காவது இடுக்கில் சிக்கி அறுந்து போகும். ஒவ்வொன்றையும் கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. அதனால் பலரும் வீட்டிலேயே செய்துகொள்கிறோம். எதில் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குண்டுக்கு இரும்பு நட்டு. இரை மாவை அடைக்கும் கூடான ஃபீடர் மட்டும் தண்ணீரைப் பொறுத்து மாறும்.

அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் எப்போதும் ஈயம்தான். பழைய இரும்புக் கரண்டியில் உருக்கி, மண்ணில் விரலால் குழி பறித்து ஊற்றுவார்கள். ஒருநாள் அந்த மண்ணில் ஈரம் இருந்திருக்கிறது. ஊற்றிய நொடியில் ஈரம் ஆவியாகிக் கிளம்ப, ஈயம் தெறித்து மாமாவின் முன்கையில் மூன்று இடத்தில் ஒட்டிக்கொண்டது. தழும்பு இன்றும் இருக்கிறது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகடுப்பே போதும். அதனால்தான் எளிய வேலை போலத் தோன்றுகிறது. ஆனால் உருகிய ஈயத்தின் மேல் படியும் சாம்பல் நிற ஆடை, அதைத் துடைத்த துணி, அதே கையோடு எடுக்கும் சோறு என்று எல்லா வழியிலும் ஈயம் உடம்புக்குள் போகிறது. குழந்தைகளின் மூளைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள், அதில் அமிலமும் சேர்ந்து வரும்.

பறவைகளின் நிலையும் இதேதான். இரையை அரைக்க வாத்தும் அன்னமும் சிறு கல்லை விழுங்கும். கல்லென்று ஈயத்தையும் விழுங்கிவிடும். இங்கிலாந்தில் அன்னங்கள் அப்படிச் செத்துக்கொண்டிருந்ததால்தான் 28 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளை 1987-ல் தடை செய்தார்கள். வெள்ளோடு, நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயங்களுக்கு வரும் வாத்துகள் நம் பக்கத்துக் குட்டைகளிலும் இறங்குபவைதானே.

சரி, ஈயத்தின் கனம் இரும்பில் வருமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கரையில் 50 கிராம் இருக்கும் ஈயக்குண்டு தண்ணீருக்குள் சுமார் 45½ கிராம் கனம் காட்டும். அதே 50 கிராம் இரும்பு 43½ காட்டும். வித்தியாசம் இரண்டே கிராம். கருங்கல் 31-க்கு இறங்கிவிடும். சிமெண்டும் மணலும் கலந்த உருண்டை ஏறக்குறைய 26-தான். ஈயத்துக்கு ஈடாக சிமெண்டு வேண்டுமென்றால் எலுமிச்சம்பழம் அளவு உருண்டையைக் கட்டி வீச வேண்டும், ஓடும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டே போகும். அசையாத குளத்துக்கு வேண்டுமானால் சிமெண்டு ஆகும். அவ்வளவுதான் அதற்கு மரியாதை.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று நம் பக்கம் லேத்துப் பட்டறைக்கும் பழைய இரும்புக் கடைக்கும் பஞ்சமில்லை. 16 எம்.எம். நட்டு ஒன்று சுமார் 33 கிராம், 12 எம்.எம். நட்டு 17 கிராம். இரண்டையும் சேர்த்தால் 50. ஆறு பட்டையாக இருப்பதால் உருண்டைக் குண்டு போல உருண்டும் ஓடாது. ஒரே குறை, உள்ளே இருக்கும் மரை, தூண்டில் நரம்பை அறுத்துவிடும். தீர்ந்துபோன பேனா ரீஃபிலைக் கழுவி, அந்தக் குழலில் ஒரு துண்டு வெட்டி ஓட்டைக்குள் நுழைத்து, அதன் வழியாக நரம்பை விட்டால் அறுபடாது. இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. தறி ஓட்டும் வீட்டில் கேட்டால் கழிவுப் பருத்திப் பாவு நூல் தருவார்கள். அதை நாலைந்து இழை முறுக்கி, அதில் நட்டைக் கட்டி, நூலின் மறுமுனையை நரம்பில் முடிந்துவிடுங்கள். பாறையில் மாட்டினால் நூல் மட்டும் அறும். தூண்டில் முள்ளும் மீனும் கைக்கு வந்துசேரும். ஆற்றில் போன நட்டு துருப்பிடித்துக் கரைந்துவிடும், நூல் மக்கிவிடும்.

அடுத்தது ஃபீடர், அதாவது இரை மாவை அடைத்து முள்ளுக்குப் பக்கத்தில் இறக்கும் கூடு. நம் ஆட்களுக்குப் பழகியது ஸ்பிரிங். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பியைப் பென்சிலில் நெருக்கிச் சுற்றி, கொஞ்சம் இழுத்துவிட்டால் ஆயிற்று. கட்டடத்துக்குப் பயன்படுத்தும் கட்டுக்கம்பி வேண்டாம், இரண்டு வீச்சில் கோணிவிடும். இன்னொன்று பைப். ஒரு அங்குல பி.வி.சி. பைப்பில் நாலு சென்டிமீட்டர் நறுக்கி, சுற்றிலும் துளையிட்டு, ஒரு பக்கம் நட்டை வைத்துப் பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்குவது. துளையை டிரில்லில்தான் போட வேண்டும். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் குத்தினால் பி.வி.சி. கருகி வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும். மாத்திரை டப்பாவிலும் செய்து பார்த்தேன். கல்லில் பட்டதும் விரிசல் விட்டது, அதோடு விட்டுவிட்டேன்.

ஸ்பிரிங்கா பைப்பா என்பதை மாவின் பதம்தான் தீர்மானிக்கும். கடலைப் புண்ணாக்குத் தூள், தவிடு, கொஞ்சம் மைதா. ஸ்பிரிங்குக்குக் கொழுக்கட்டைப் பதம் வேண்டும், இல்லாவிட்டால் வீசும்போதே கழன்று விழும். பைப்புக்குப் புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இரண்டையும் பக்கெட் தண்ணீரில் இறக்கிப் பார்த்தேன். பைப் மாவு ஐந்து நிமிடத்தில் பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஸ்பிரிங் மாவு அரை மணி நேரம் கழித்தும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் அசையாத குளத்தில் பைப்பே மேல். சீக்கிரம் மணம் பரவி ரோகு மீனும் மிர்கால் மீனும் கூடும். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு ஸ்பிரிங்தான் நிற்கும், பைப் மாவை ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். கட்லா மேல்தண்ணீரில் மேய்கிற மீன். அதற்கு எந்த ஃபீடரையும் தரையில் போட்டுக் காத்திருப்பது வீண், தக்கை கட்டித் தொங்கவிட வேண்டும்.

ஸ்பிரிங்கைச் சுற்றி ஆறு முள் கட்டும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கையளவுக் குஞ்சுகூட வயிற்றிலும் கண்ணிலும் மாட்டி வருகிறது, திரும்ப விட்டாலும் பிழைக்காது. முள் இரண்டு போதும்.

பைப்பை நறுக்கியதும் இரண்டு விளிம்பையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். நான் தேய்க்காமல் போட்ட முதல் பைப் நரம்பைச் சீவிவிட்டது. மீனும் போயிற்று, மாவு நிறைந்த பைப்பும் போயிற்று.