கிட் லாக் ஃபார்மட்: ஒரு எழுத்தில் தொலைந்த கமிட்

போன வாரம் நண்பர் ஒருவர் என் டெர்மினலைப் பார்த்துவிட்டு, "இந்த லாக் கட்டளை வரியை எனக்கும் அனுப்புங்களேன்" என்றார். அனுப்பினேன். அனுப்பும்போதே பழைய கோபமும் திரும்பி வந்தது.

ஆறு வருடமாக, நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) கருவியின் லாகை, அதாவது கமிட் எனப்படும் அந்தப் பதிவுகளின் பட்டியலை, ஒரே வடிவத்தில்தான் பார்க்கிறேன்: சுருக்கிய ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறி), எழுதியவர் பெயர், எவ்வளவு நாளுக்கு முன், தலைப்பு வரி. பெயரை 15 இடத்துக்குள் அடக்கி, மிஞ்சினால் இரண்டு புள்ளி வைத்து வெட்டச் சொல்லியிருக்கிறேன். பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அடுத்து வரும் நாள் ஒரே நேர்கோட்டில் தொடங்கும். யார் எதை எப்போது தொட்டார்கள் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இது இல்லாத கணினியில் எனக்கு வேலையே ஓடாது.

இதை அலியாஸாக (கட்டளைக்கு நாமே வைக்கும் சுருக்கப் பெயராக) வைப்பதே நல்லது. கிட்டின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கில் பொது வடிவமாகப் போட்டால், ஒரு கமிட்டை விரிவாகக் காட்டும் கிட் ஷோ கட்டளையும் அப்படியே மாறி, கமிட்டின் விளக்கம் மறைந்துபோகும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். ரிலீஸ் குறிப்புக்காக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். லாகை வரி வரியாக வாசித்துப் பட்டியல் போடும். ஒவ்வொரு முறையும் ஒரு கமிட் குறைந்தது, எப்போதும் இருப்பதிலேயே பழையது. மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. ஒரே ஒரு கமிட் இருந்த அவசரத் திருத்தத்தில் பட்டியலே காலியாக வந்தது. அன்றுதான் தேட ஆரம்பித்தேன்.

வடிவத்துக்கு முன்னால் 'ஃபார்மட்' (format) என்று எழுதினால், கிட் கமிட்டுகளுக்கு நடுவில் மட்டுமே புதுவரி (வரி முடிந்ததைச் சொல்லும் குறி) வைக்கும். கடைசியாக வரும் பழைய கமிட்டுக்குப் பின் வைக்காது. புதுவரியில் முடியாத வரியை ஷெல்லின் ரீட் கட்டளை வாசித்தாலும் தோல்வி என்றே சொல்லும், வரி வரியாகச் சுற்றும் லூப் அந்த வரியைச் சேர்க்காமல் அங்கேயே நின்றுவிடும். 'டிஃபார்மட்' (tformat) என்று ஒரு 'டி' சேர்த்தால் ஒவ்வொரு கமிட்டுக்குப் பின்னும் புதுவரி வரும். திரையில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

ஆவணத்தில் இது தெளிவாக எழுதியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முன்னால் எதுவுமே போடாமல் ஹாஷ், பெயர் போன்றவற்றைக் குறிக்கும் வெறும் சதவீதக் குறிகளை மட்டும் கொடுத்தால், கிட் அதை 'டிஃபார்மட்' என்றே எடுத்துக்கொள்கிறது. கவனமாக முழுசாக எழுதியவன் மாட்டிக்கொள்கிறான், சுருக்கமாக எழுதியவன் தப்பிக்கிறான். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மனிதர் கண்ணால் படிக்க இதைவிட நல்ல வசதியை நான் பார்த்ததில்லை. நண்பருக்கும் 'டி' சேர்த்த வரியைத்தான் அனுப்பினேன். ஆனாலும் அடுத்து யாராவது கேட்டால், கிட்டிலேயே தயாராக இருக்கும் ஒன்லைன் வடிவம் போதும், இதில் இறங்காதீர்கள் என்றே சொல்வேன். அந்தக் காலிப் பட்டியல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.