பிளஸ் டூ கணக்குப்பதிவியல்: டேலியா, எக்செலா?

தமிழ்நாட்டுப் பாடநூலின் கடைசி அலகு கணக்குப்பதிவு மென்பொருளான டேலிதான். ஆனாலும் மாணவர்களை முதல் ஒரு மாதம் எக்செலில் உட்காரவைப்பதே நல்லது. பற்றும் வரவும் சமமாகாத பதிவை டேலி ஏற்காது. இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புகளை ஒப்பிடும் பட்டியல்) தானாகப் பொருந்திவிடுவதால் பிழை தேடும் பழக்கமே வராது. எக்செலில் வித்தியாசம் பல்லிளிக்கும். ரூ.860 இடித்தால் அதில் பாதியான 430-ஐத் தேடச் சொல்லுங்கள், பற்று, வரவு பக்கம் மாறி ஏறியிருக்கலாம். வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். ‘1500/-’ என்று தட்டினால் அது எழுத்தாகிவிடும், கூட்டலில் சேராது. இதில்தான் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

டேலியில் சிக்கல் வேறு இடத்தில். நேரடிச் செலவான கூலியின் பேரேட்டை மறைமுகச் செலவுகளின் கீழ் திறந்தால் மொத்த இலாபம் கூடிவிடும். நிகர இலாபம் மாறாது, அதனால் கண்ணில் படாது. ரொக்கத்தை வங்கியில் செலுத்தினால் அழுத்த வேண்டியது எஃப்4 (கான்ட்ரா, அதாவது ரொக்கம்–வங்கி இடமாற்றப் பதிவு), எஃப்5 (பணம் கொடுத்த பதிவு) அல்ல. இலவசக் கல்விப் பயன்முறையில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே பதிய முடியும்; பயிற்சிக் கணக்கின் தேதிகளை முன்பே மாற்றிக் கொடுங்கள்.