ஒரு பெரிய திரையா, எட்டு டெப்பா?

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் கூட்டத்தில் மூன்று பெயர் வரும்: புரொஜெக்டர், 55 அங்குல டிவி, டெப் எனும் தொடுதிரைக் கைக்கணினி. நான்காவதாக ஸ்மார்ட் போர்டையும் யாராவது இழுப்பார்கள். பூட்டி வைக்கத் தூசி புகாத அறை இல்லாத இடத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். எங்கள் தெரிவு டெப். அதுவும் எட்டே எட்டு. 35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஐந்து பேராக ஏழு குழு, எட்டாவது மாற்றுக்கு.

வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் டிவிதான் மலிவு. அதில் வாதமில்லை.

புரொஜெக்டரை முதலில் தள்ளிவிடலாம். கிழக்குக் கரையில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை பல வகுப்பறைகள் அரைச்சுவரும் கம்பிவலையும்தான். 3000 லூமன் ஒளி தரும் கருவியின் படம் காலை பத்து மணி வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். படங்கு கட்டி மறைத்தால் கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் உள்ளே இருக்க ஏலாது. கரண்ட் சட்டென்று நின்றால் உள்விசிறியும் நிற்கும், விளக்கு தன் சூட்டிலேயே வேகும். அடிக்கடி அப்படி நடந்தால் விளக்கின் ஆயுள் குறையும்.

டிவி அதைவிட நல்லது. பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். 55 அங்குலத் திரையின் உயரம் ஏறத்தாழ 68 சென்ரிமீற்றர். எழுத்தை வாசிக்க வேண்டுமானால் பிள்ளை அந்த உயரத்தின் ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது திரை பொருத்துபவர்களின் கைக்கணக்கு. அது 4 மீற்றர், 13 அடி. 20 அடி நீள வகுப்பில் பின்வரிசைகள் அதற்கு வெளியேதான். பாடநூல் பக்கத்தைத் திரையில் போட்டால் பின்னால் இருப்பவருக்குப் படம் தெரியும், எழுத்து தெரியாது. போதாததற்கு டிவி ஓர் அறையில் ஆணி அடித்து நிற்கும், வகுப்புத்தான் அதைத் தேடிப் போக வேண்டும். ஒரு பாடவேளையில் போக்குவரத்துக்கே பத்து நிமிடம் போகும். ஐப்பசி இடிக்குப் பிளக்கைக் கழற்ற மறந்தால் இருக்கிற ஒரே கருவியும் போய்விடும். டெப் ஒன்று பழுதானால் ஏழு மிஞ்சும்.

டெப் நிலைப்பதும் அலுமாரிக்குள் தூங்குவதும் சார்ஜ் ஏற்றுவதில்தான் இருக்கிறது. 7000 மில்லியம்பியர்-மணி பற்றரியை 10 வாற்று சார்ஜரில் வெறுமையிலிருந்து நிரப்ப மூன்றரை, நான்கு மணித்தியாலம் பிடிக்கும். ஆறு துளை உள்ள மலிவு யூஎஸ்பி சார்ஜரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள்: பலவற்றில் மொத்தம் 6 அம்பியர் என்றுதான் இருக்கும். எல்லாத் துளையிலும் மாட்டினால் டெப் ஒன்றுக்கு 1 அம்பியர், அதாவது 10 வாற்றில் பாதி. பாடசாலை விடும் மணி அடித்தாலும் நிரம்பாது. எட்டுக்கும் அதனதன் சார்ஜரே சரி. எட்டும் சேர்ந்து 80 வாற்று. சாதாரண 5 அம்பியர் பொயின்ட் ஒன்றே தாராளம்.

முப்பத்தைந்து டெப் வாங்கினாலும் 350 வாற்றுத்தானே என்பார்கள். கரண்ட் தாங்கும், ஆசிரியர் தாங்க மாட்டார். 35 வயரை மாட்டிக் கழற்றி எண்ணி வைப்பது முதல் மாதம் நடக்கும், இரண்டாம் தவணையில் நின்றுவிடும்.

7.30க்கு அதிபர் அறையில் மாட்டி, இடைவேளைக்குக் கழற்றி, பிந்திய பாடவேளைகளில் பாவிப்பது நல்ல ஒழுங்கு. 20 வீதத்திலிருந்து 90 வரை ஏற அந்த நேரம் போதும். ஒரு தடவை ஏற்றினால் ஆறேழு பாடவேளை ஓடும் என்பதால் ஒன்றுவிட்ட ஒரு நாள் மாட்டினாலே சரி. இரவில் மாட்டிவிட்டுப் போகக்கூடாது. நீண்ட விடுமுறைக்குப் பூட்டும்போது 50 வீதத்தில் அணைத்து வையுங்கள். முழுதாக நிரப்பித் தகரக்கூரையின் கீழ் வைத்தால் பற்றரி ஊதும், திரையின் ஓரம் மெல்ல எழும்பும். அப்படி எழும்பியதை அழுத்திப் பார்க்காமல், சார்ஜில் போடாமல் ஒதுக்கிவிட வேண்டும். வாங்கும்போது டைப்-சி துளை உள்ளதாகப் பாருங்கள். பழைய மைக்ரோ துளையின் உள்நாக்கு பிள்ளைகள் தலைகீழாகச் செருகியே உடையும். கரையோரத்தில் உப்புக்காற்றில் முனைகளில் பச்சை பிடிக்கும் என்பதால் மூடியுள்ள பெட்டி வேண்டும்.

இணையம் இல்லாமலே வேலை நடக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் பிடிஎஃப், ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலி, திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனையாக்கங்கள் மூன்றையும் ஒரு தடவை இறக்கி எட்டிலும் ஏற்றினால் போதும். மின்சுற்றுப் பாவனையாக்கத்தில் ஒரு பிள்ளை பற்றரியின் இரு முனையையும் வெறும் வயரால் தொடுக்கும், திரையில் தீப்பிடிக்கும், குழுவே சிரிக்கும். அடுத்த பிள்ளை இடையில் மின்குமிழைப் போட்டுப் பார்க்கும். குறுஞ்சுற்று என்ற சொல்லை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதினால் போதும். இதையே டிவியில் ஆசிரியர் செய்து காட்டினால் 35 பேரும் பார்ப்பார்கள், ஒருவர்கூடத் தொடமாட்டார்.

தரம் 1, 2 பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். பாட்டு, கதை, எழுத்து வடிவம் காட்ட அங்கே டிவி வசதியாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எட்டு டெப்புக்கும் பாடசாலையின் பெயரில் ஒரு கூகுள் கணக்குப் போடுங்கள், ஆசிரியரின் சொந்தக் கணக்கு வேண்டாம். அவர் இடமாற்றம் பெற்றுப் போனபின் யாராவது பொத்தான்களை அழுத்தி அழித்துத் தொடங்கினால் கருவி பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். கடவுச்சொல்லை ஒரு கடதாசியில் எழுதி, உறையில் இட்டு, பொருட்பதிவேட்டோடு அதிபரின் அலுமாரியில் வையுங்கள்.